பழைய பிக்அப்பின் ஆண்டை எந்த எண் சொல்லும்?

கேள்வி: கோலார் தங்கவயலில் வேலை பார்த்த என் தாத்தா வாங்கிய செவர்லே பிக்அப் ஒன்று அல்சூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதை மறுபடி ஓட வைக்க விரும்புகிறேன். ஆர்.சி. புத்தகத்தில் 1954 என்று எழுதியிருக்கிறது. என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் 'சி 15 9' என்று புடைப்பாக இருப்பதைப் பார்த்த மெக்கானிக், "இது 59-ஆம் வருஷத்து என்ஜின், பின்னால் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்" என்கிறார். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் குத்தியிருக்கும் எண் பாதி தெரியவில்லை. கதவுத் தூணில் இருந்த தகடு போய், ரிவெட் துளைகள் மட்டும் மிச்சம். முன்கண்ணாடி நடுவில் பட்டை வைத்து இரண்டாகப் பிரிந்தது. கதவில் முக்கோணக் கண்ணாடி கிடையாது. பெட்ரோல் டாங்க் இருக்கைக்குப் பின்னால் நிற்கிறது. வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது? என்ஜின் எது?
- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் அடையாளங்களிலேயே பாதி விடை இருக்கிறது. முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிளாக்கில் புடைத்து நிற்பது வார்ப்படச் சாலையில் இரும்பை ஊற்றும்போதே அச்சில் விழுந்த எண். உளி கொண்டு குத்தியதுபோல் உள்ளே இறங்கியிருப்பது என்ஜினைப் பூட்டி முடித்தபின் பதித்த எண். முன்னது அந்த இரும்புத்துண்டின் பிறந்த நாளையும், பின்னது அந்த என்ஜினையும், கதவுத் தூணில் இருந்த தகடு வண்டியையும் அடையாளம் காட்டுகின்றன. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டைச் சொல்லிவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

செவர்லே பிளாக்குகளின் வார்ப்புத் தேதியில் முதலில் வரும் ஆங்கில எழுத்து மாதத்தைக் குறிக்கும். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்து நாள், கடைசியில் ஆண்டின் இறுதி இலக்கம். ஆகவே 'சி 15 9' என்பது மார்ச் 15-ஆம் தேதி, 9-இல் முடியும் ஓர் ஆண்டு. அது 1939, 1949, 1959 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். உங்கள் மெக்கானிக் எழுத்தைச் சரியாகவே படித்திருக்கிறார். எந்தப் பத்தாண்டு என்பதைத்தான் ஊகித்துவிட்டார். அதை எண் சொல்லாது, என்ஜினின் உருவம் சொல்லும்.

பானெட்டைத் திறந்து வால்வு மூடியைப் பாருங்கள். மூடியின் உச்சியில், நடுக்கோட்டில் இரண்டு நட்டுகள் மட்டும் அதைப் பிடித்திருந்து, பக்கவாட்டுத் தகட்டு மூடி ஸ்பார்க் பிளக்குகளையும் சுற்றிக்கொண்டு மேல் வரை எழும்பியிருந்தால், அது 1953 வரை வந்த பழைய அமைப்பு. வால்வு மூடியின் ஓரங்களில் நான்கு திருகுகள் இருந்து, பக்க மூடி பிளக்குகளுக்குக் கீழேயே நின்றுவிட்டால், அது 1954 முதல் வந்த 235 கன அங்குல என்ஜின். இந்த இரண்டாவது வகையாக இருந்தால் மட்டுமே 1959 என்ற பேச்சுக்கு இடமுண்டு.

பழைய அமைப்பு என்று தெரிந்தாலும் ஒரு சந்தேகம் மிஞ்சும். பிக்அப்புகளில் வந்த 216 கன அங்குல என்ஜினும், 1941 முதல் பெரிய லாரிகளுக்குப் போட்ட தொடக்ககால 235-உம் வெளித்தோற்றத்தில் மிக நெருங்கியவை. ஹெட்டைக் கழற்றும் வேலை வரும்போது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரத்தை, அதாவது ஸ்ட்ரோக்கை, அளந்துவிடுங்கள். 216-இல் அது மூன்றே முக்கால் அங்குலம், அதாவது சுமார் 95 மில்லிமீட்டர். 235-இல் ஏறக்குறைய சரியாக 100 மில்லிமீட்டர். சிலிண்டரின் விட்டத்தை நம்பிவிடாதீர்கள். எழுபது ஆண்டு ஓடிய பிளாக்கை யாராவது ஒருமுறையாவது ரீபோர் செய்திருப்பார்கள், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கியிருப்பார்கள். விட்டம் மாறியிருக்கும், ஆனால் ஸ்ட்ரோக் மாறியிருக்காது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் ஆண்டுக் கணக்கு மட்டும் அல்ல. 216-இன் கனெக்டிங் ராடுகளில் ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றிய பேரிங்குகள் இருக்கும். ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி எண்ணெயை அள்ளித் தெளிப்பதுதான் அவற்றுக்கு உயவு. 1954 முதல் லாரிகளில் வந்த 235-இல் ஷெல் பேரிங்கும் முழு அழுத்த எண்ணெய் ஓட்டமும் உண்டு. ஒன்றுக்குரிய பாகத்தை மற்றதற்கு என்று நினைத்து ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினால் பணமும் போகும், பல மாதங்களும் போகும். 216-ஐப் புதிய என்ஜின்போல நெடுஞ்சாலையில் விரட்டினால் ராடே உடைந்து பிளாக்கைத் துளைத்துவிடக்கூடும்.

இனி உடலைப் பார்ப்போம். இந்த வரிசைப் பிக்அப்புகள் 1947 முதல் 1955-இன் தொடக்கம் வரை வந்தவை. ஒற்றை வளைவு முன்கண்ணாடி 1954-இல் வந்தது. உங்களுடையது பிரிந்த கண்ணாடி என்பதால் அதற்கு முந்தையது. கதவின் முக்கோணக் கண்ணாடி 1951-இல் வந்தது. அது இல்லாததால் 1950 அல்லது அதற்கு முன். பெட்ரோல் டாங்க் கேபினுக்குள் ஏறியது 1949-இல். எனவே உடல் 1949 அல்லது 1950; மார்ச் 1949-இல் வார்த்த பிளாக் அதனோடு அழகாகப் பொருந்துகிறது. வால்வு மூடியில் இரண்டு நட்டுகள் இருந்து, ஸ்ட்ரோக்கும் 95 மில்லிமீட்டராக வந்தால், அது வண்டியோடு வந்த 216 என்று நான் தயங்காமல் சொல்வேன்.

தகடு கிடைத்திருந்தால் இந்தச் சுற்றுவழி தேவைப்பட்டிருக்காது. இந்த வரிசையின் அரை டன் பிக்அப்புகளில் 1947-க்கு ஈபி, 48-க்கு எஃப்பி, 49-க்கு ஜிபி, 50-க்கு ஹெச்பி, 51-க்கு ஜேபி, 52-க்கு கேபி என்று எழுத்துகள் வரும். ஒன்று என்ற இலக்கத்தோடு குழம்பும் என்பதால் ஐ என்ற எழுத்தை விட்டிருக்கிறார்கள். கொட்டகையில் கிடக்கும் பழைய டப்பாக்களில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பெயின்ட் அடிக்கும்போது கழற்றிய தகட்டை அப்படிப் போட்டு வைப்பது நம் வீடுகளில் வழக்கம். பழைய இன்ஷூரன்ஸ் காகிதத்தில் சேஸிஸ் எண்ணின் பென்சில் பதிவு ஒட்டியிருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆர்.சி.யில் உள்ள 1954 உங்களைக் குழப்ப வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் பம்பாய் சிவ்ரியில் பெட்டிகளில் வந்த பாகங்களைக் கொண்டு வண்டிகளைப் பூட்டி விற்றது. 1954-இல் அந்தத் தொழிலை மூடிவிட்டது. அமெரிக்காவில் வார்த்த நாளுக்கும் இங்கே வண்டி விற்ற நாளுக்கும் இடையே மாதங்கள் கழியும். பிற்பாடு கைமாறி, வேறிடத்தில் மறுபதிவு ஆகும்போது அந்த ஆண்டே புத்தகத்தில் ஏறிவிடுவதும் உண்டு.

தேய்ந்த எண்ணைப் படிக்க மண்ணெண்ணெயில் ஒருநாள் ஊறவிட்டு, பித்தளை பிரஷால் மெல்லத் தேயுங்கள். காய்ந்தபின் சாக்பீஸைக் குறுக்கே பூசித் துடைத்தால் பள்ளங்களில் வெள்ளை நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு படமும் எடுத்துவிடுங்கள். எமரி தாள் வேண்டாம், கிரைண்டர் வேண்டவே வேண்டாம். ஒரு பட்டறையில் பளபளப்பாக்குகிறோம் என்று எண் குத்தியிருந்த மேட்டையே சீவிவிட்ட பிளாக்கை நான் பார்த்திருக்கிறேன். அதன்பின் அந்த என்ஜின் எந்த வண்டியுடையது என்பதை நிரூபிக்க ஒரு வழியும் மிஞ்சவில்லை. தெரியாத இலக்கத்தைப் புதிதாகக் குத்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் இடம் கொடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது திருட்டு வண்டியின் அடையாளமாகத்தான் படும். எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்துத் திருத்தம் கேட்பதே முறை.

2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் இருக்கும் சொந்த உபயோக வாகனங்களுக்கு 'வி.ஏ.' வரிசையில் பத்தாண்டுப் பதிவு கிடைக்கிறது. உங்கள் ஆர்.சி.யில் சரக்கு வாகனம் என்று எழுதியிருந்தால், பணம் கட்டும் முன் அந்த ஒரு வார்த்தையைப் பற்றி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்களிடம் உள்ள பழைய ஜீப் பிக்அப்பின் என்ஜின் எண் 'எம்பி' என்று தொடங்குகிறது. வண்டியும் போர்க்காலத்தையதா?
- ஒரு வாசகர், விவேக் நகர், பெங்களூரு

பதில்: என்ஜின் போர்க்காலத்தையது, வண்டி அப்படி இருக்க வேண்டியதில்லை. 'எம்பி' என்பது 1941 முதல் 1945 வரை வில்லிஸ் ராணுவ ஜீப்புகளுக்குக் குத்திய முன்னெழுத்து. போருக்குப் பின் வந்த சிஜே-2ஏ ஜீப்புக்கு 'ஜே', அடுத்த சிஜே-3ஏ வகைக்கு '3ஜே', 1953-இல் வந்த சிஜே-3பி வகைக்கு '4ஜே'. எல்லாம் 134 கன அங்குலம், 2,199 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் என்ஜின்கள். ஆகவே ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் போடுவது பட்டறைகளுக்குச் சுலபம். '4ஜே'-யில் மட்டும் உள்வாங்கும் வால்வு ஹெட்டில் இருப்பதால் என்ஜின் உயரம் கூடுதல், கார்புரேட்டரும் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வாட்டர் பம்புக்குச் சற்றுப் பின்னால் வலப்பக்கத்து மேட்டில் குத்தியிருக்கும் எண்ணை ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால், என்ஜின் மாற்றம் நடந்திருந்தாலும் அது முறைப்படி புத்தகத்தில் ஏறிவிட்டது என்று கொள்ளலாம். வண்டியின் ஆண்டுக்கு சேஸிஸ் எண்ணைத் தனியாகப் பாருங்கள்.