மூன்றாம் கிழமையில் செத்துப்போன பகிடி

கேள்வி: வன்னியில் துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். பரிசளிப்பு விழாவுக்காகத் தரம் 10 பிள்ளைகள் எட்டுப்பேர் தாங்களே ஒரு சிரிப்பு நாடகம் எழுதியிருக்கிறார்கள். காலையில் பள்ளிக்கூடம் போகும் பஸ்தான் கதை. முதல்நாள் வாசித்தபோது எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். மூன்று கிழமை ஒத்திகை பார்த்தபிறகு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பயந்துபோன பிள்ளைகள் சினிமா வசனங்களைச் சேர்க்கிறார்கள். கொண்டக்டருக்கு நொண்டி நடையும், ஒரு பயணிக்கு மலையகப் பேச்சும் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அதற்கு மட்டும்தான் சிரிப்பு வருகிறது. விழாவுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள ரீச்சர், முதலில் பிள்ளைகளைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே பகிடியை மூன்று கிழமையாகக் கேட்டவருக்குச் சிரிப்பு வராது. உங்கள் அறைக்குள் சிரிப்பு நின்றதை வைத்து நாடகம் கெட்டுப்போனது என்று முடிவெடுக்க முடியாது. ஆனால் ஒன்று கெட்டிருக்கலாம். முதல்நாள் கொண்டக்டர் வேடக்காரப் பையன் உண்மையாகவே எரிச்சலோடு கத்தியிருப்பான். இப்போது எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று அவனுக்குத் தெரியும். வசனத்தைச் சொல்லிவிட்டு ஒரு கண்ணால் உங்களைப் பார்ப்பான். அந்தப் பார்வைதான் பகிடியைக் கொல்கிறது. மேடையில் நிற்பவருக்குத் தான் செய்வது பகிடி என்று தெரியவே கூடாது. அவருக்கு அது சீரியஸான காரியம்.

ஆகவே நாளைக்கு ஒரு ஒத்திகையைப் பகிடியே இல்லாமல் நடத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “இந்த பஸ்ஸில உனக்கு என்ன வேணும்?” ஒருத்திக்கு இன்றைக்குச் சோதனை, எப்படியும் ஏறியாக வேண்டும். இன்னொருவன் வீட்டுவேலை செய்யவில்லை, பஸ் விட்டுவிட்டுப் போனால் சந்தோஷம். ஒரு அம்மம்மா பையுக்குள் கோழியை ஒளித்துக்கொண்டு போகிறார். கொண்டக்டருக்கோ சீசன் ரிக்கெற்றில் வரும் பிள்ளைகளை ஏற்றவே மனமில்லை. “பின்னால வெறும் பஸ் வருது” என்று சொல்லித் தப்பப் பார்க்கிறார். இந்த நாலுபேரும் தங்கள் தங்கள் காரியத்தில் உறுதியாக நின்றால் போதும், தள்ளுமுள்ளு தானாக வரும். (கோழி பொம்மையாகவே இருக்கட்டும். உயிருள்ள கோழி யாருடைய வசனத்துக்கும் காத்திருக்காது.)

இப்படிச் செய்து பார்க்கும்போது எழுதாத வசனங்கள் வாயில் வரும். நாடக ஆசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்கள் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிச் செய்து காட்டிய களப்பயிற்சிகளில் இந்தச் சங்கதி நிறைய உண்டு. ‘நாடகமும் அரங்கியலும்’ பாடம் படிப்பிக்கும் ஆசிரியர் உங்கள் வலயத்தில் இருந்தால் ஒருநாள் கூப்பிட்டுப் பாருங்கள். நல்ல வசனம் விழுந்தால் உடனே ஒரு பிள்ளை கொப்பியில் எழுதட்டும், அடுத்தநாள் மறந்துவிடும். அதேநேரம் எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி விட்டுவிடக் கூடாது. பகிடிக்கு வழி அமைக்கும் வசனமும், பகிடி விழும் வசனமும் சொல்லுக்குச் சொல் மாறாமல் இருக்க வேண்டும். சிரிப்புக்குரிய சொல் வசனத்தின் கடைசியில் வரட்டும். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு சொல் இழுபட்டால் சனம் சிரிக்கிற நேரத்தில் பிள்ளை கதைத்துக்கொண்டிருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் பக்கத்து பஸ்களில் எல்லோருக்கும் காது புளித்த வசனம் “முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ.” முதல்தரம் கொண்டக்டர் இதைச் சனத்துக்குச் சொல்லட்டும். யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரிக்கவும் தேவையில்லை. இரண்டாம் தரம், புத்தகப்பை உள்ளேயும் ஆள் மிதிபலகையிலுமாகத் தொங்கும் பையனுக்கு. அதற்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும். மூன்றாம் தரம் பஸ்ஸில் நகர ஒரு அங்குலமும் இல்லை. கொண்டக்டர் எட்டிப் பார்த்து, அதே குரலில், அதே எரிச்சலோடு, “ட்றைவர் அண்ணை, நீங்களும் கொஞ்சம் முன்னுக்குப் போங்கோ.” இங்கே பையன் குரலை மாற்றினாலோ முகத்தைக் கோணினாலோ காரியம் கெட்டது. முதல் இரண்டு தரமும் தெளிவாகக் கேட்டால்தான் மூன்றாவது எடுபடும். அதனால் ஒத்திகையில் அந்த முதல் இரண்டுக்கும் கூடுதலாக நேரம் கொடுங்கள்.

இனி நொண்டி நடையும் மலையகப் பேச்சும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2009இல் போர் முடிந்தபிறகு வன்னியில் எந்த மண்டபத்திலும் செயற்கைக் கால் போட்ட ஒரு தகப்பனோ தாயோ உட்கார்ந்திருப்பார். அவருடைய பிள்ளை அதே பாடசாலையில்தான் படிக்கும். அதேபோல 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகள் வகுப்பில் ஏற்கெனவே கேட்டுக் களைத்த நக்கலை மேடையில் மைக் பிடித்தும் சொல்ல வேண்டுமா? பிள்ளைகளுக்கு இதைப் பிரசங்கமாகச் சொல்ல வேண்டாம். “இன்னார் முன்வரிசையில் இருந்தால் இதைச் செய்வாயா?” என்று ஒருக்கால் கேளுங்கள், விளங்கிக்கொள்வார்கள்.

தொழில் கணக்கிலும் அது நட்டம்தான். நொண்டி நடைக்கு உள்ளே வரும்போது ஒருதரம் சிரிப்பார்கள். பிறகு பத்து நிமிடம் அந்தப் பையன் சும்மா நொண்ட வேண்டியதுதான். மலையகப் பேச்சு உண்மையாகவே வேண்டுமென்றால், வீட்டில் அப்படிக் கதைக்கும் பிள்ளை குழுவில் இருந்து, அந்தப் பிள்ளைக்கும் விருப்பம் இருந்தால், பஸ்ஸிலேயே கெட்டிக்காரப் பாத்திரத்தை அதற்குக் கொடுங்கள். கொண்டக்டரை மடக்குகிற ஆள் அதுவாக இருக்கட்டும்.

சினிமா வசனத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. அதற்குக் கிடைக்கும் சிரிப்பு அந்த நடிகருக்குப் போகிற சிரிப்பு. அடுத்த நிமிடமே உங்கள் பிள்ளையை அவரோடு ஒப்பிடத் தொடங்குவார்கள்.

சரி, நாடகம் எடுபடுமா என்று எப்படி அறிவது? புதுக் காதுகள் வேண்டும். கோவலன் கூத்துப் பழகுகிற காலத்தில் அண்ணாவியார் கதவைப் பூட்டிக்கொண்டா பழக்கினார்? ஊர்ச்சனம் சுற்றியிருந்து பார்க்கும், பிழையும் சொல்லும். வருகிற வெள்ளிக்கிழமை தரம் 6 பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்துங்கள். அடுத்த கிழமை கன்ரீன் அம்மாவையும் காவலாளி ஐயாவையும் நாலு பெற்றோரையும் கூப்பிடுங்கள். அந்த நேரம் நீங்கள் மேடையைப் பார்க்காமல் சனத்தின் முகத்தைப் பாருங்கள். சிரித்த இடம், சிரிக்காத இடம், பக்கத்து ஆளிடம் “என்ன சொன்னவன்?” என்று கேட்ட இடம், மூன்றையும் பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் மிக முக்கியம். பாதிப் பகிடிகள் கேட்காமலே போகின்றன.

கேட்காமல் போவதற்கு இரண்டு காரணம். ஒன்று மைக். இரண்டே இரண்டு மைக்தான் என்றால் எட்டுப்பேரும் அதை நோக்கி ஓடுவார்கள். பஸ் இருக்கைகளை மைக்கைச் சுற்றிப் போட்டுவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். மற்றது, சனம் சிரிக்கும்போதே அடுத்த வசனத்தைச் சொல்வது. சிரிப்பு உச்சத்துக்கு ஏறி இறங்கத் தொடங்கும்போது அடுத்தவர் வாய் திறக்க வேண்டும். அதுவரை பாத்திரம் தன் வேலையைப் பார்க்கலாம், கொண்டக்டர் காசு எண்ணலாம். இதைப் பழக்க, மற்ற வகுப்புப் பிள்ளைகள் நாலுபேரைப் பின்னால் நிறுத்தி, நினைத்த இடத்தில் கைதட்டிக் கூச்சல் போடச் சொல்லுங்கள். சிரிப்பு வராத இடத்தில் நிற்காமல் போய்விடவும் பழக வேண்டும். வராத சிரிப்புக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் பார்ப்பது கொடுமை.

கடைசியாக ஒன்று. பரிசளிப்பு விழா என்றால் பிரதம விருந்தினர் உரை நீளும். பதினைந்து நிமிட நாடகத்தை “எட்டு நிமிடத்தில முடியுங்கோ” என்று திரைக்குப் பின்னால் வந்து சொல்வார்கள். அந்த எட்டு நிமிடப் பிரதியையும் இப்போதே தயார்செய்து இரண்டு தரமாவது ஓட்டிப் பாருங்கள். எதை விடலாம் என்று பிள்ளைகளே தீர்மானிக்கட்டும், ட்றைவர் அண்ணையை மட்டும் தொடவேண்டாம்.