எத்தனை சதவீதம் வேறுபட்டால் தனி இனம்?

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள அசம்பு மலையில் வாழும் சிரிப்பான் பறவை, பழைய கையேடுகளில் பழனி மலைச் சிரிப்பானின் துணையினமாகவே (ஓரினத்தின் வட்டார வடிவமாகவே) குறிக்கப்பட்டிருக்கிறது. இப்போதோ அதைத் தனி இனம் என்கிறார்கள். மரபணு எத்தனை சதவீதம் வேறுபட்டால் ஓர் உயிரைத் தனி இனம் எனலாம்? – கல்லூரி மாணவி, பூதப்பாண்டி.

பதில்: அப்படி ஒரு சதவீதம் கிடையாது. செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரே மரபணுவின் ஏறத்தாழ 650 டி.என்.ஏ. எழுத்துகளைக் கொண்டு விலங்கினங்களை அடையாளம் காணலாம் என்று 2003-இல் கனடாவின் பால் ஹீபர்ட்டும் அவருடைய குழுவினரும் முன்வைத்த பிறகு, இரண்டு, மூன்று சதவீத வேறுபாடே எல்லைக்கோடு என்ற எண்ணம் பரவிவிட்டது. முதற்கட்ட வடிகட்டலுக்கு அது உதவும், தீர்ப்புக்குப் போதாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் வருவது. என்றோ நடந்த ஒரு கலப்பினால் ஓர் இனத்தின் மைட்டோகாண்ட்ரியா இன்னோர் இனத்துக்குள் புகுந்து நிலைத்துவிடவும் கூடும். ஆகவே செல்லின் உட்கருவில் உள்ள, தாய் தந்தை இருவழியிலும் வரும் மரபணுக்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உங்கள் மலைப் பறவையை 1880-இல் இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு முதலில் விவரித்தார். பின்வந்தவர்கள் அதைத் துணையினமாக இறக்கினார்கள். பழனிச் சிரிப்பானின் வெண்புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னோக்கி நீள்கிறது. அசம்புச் சிரிப்பானுக்கோ அது கண்ணருகிலேயே முடிந்துவிடுகிறது. இவ்வளவு சிறிய அடையாளத்துக்காகத் தனி இனமா என்று தயங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. உயர்மலைச் சோலைக்காட்டுப் பறவைகளின் மரபணுக்களையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, அதைத் தனி இனமாக நிறுத்தியது.

தம்முள் இணைந்து வளமான சந்ததி பெறுபவை ஓரினம் என்ற உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயரின் 1942-ஆம் ஆண்டு வரையறை இங்கே கைகொடுக்காது. இவ்விரு பறவைகளும் சந்திப்பதே இல்லை. குளிர்ந்த உயர்மலைக் காடுகளில் வாழும் இவற்றுக்கு நடுவே அச்சன்கோவில், செங்கோட்டைக் கணவாயின் வெப்பமான தாழ்நிலம் கிடக்கிறது. அந்த இடைநிலத்தின் வெப்பமும் காடும் பறவைக்கு ஏற்றவையா என்று ஆராய்வதே சூழலியல் சான்று. ஏற்றவை அல்ல என்றால், மரபணு காட்டும் பிரிவுக்குக் காரணமும் விளங்கிவிடுகிறது.

ஆயினும் ஆய்வுகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கொடைக்கானலிலும் அசம்புவிலும் மட்டும் பறவைகளைப் பிடித்து, இறக்கையின் இரத்தக்குழாயிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரியத்தான் செய்யும். தொலைவு கூடக்கூட ஓரினத்துக்குள்ளேயே மரபணு சிறிது சிறிதாக மாறுவது இயல்பு. இடையிலுள்ள மேகமலை போன்ற மலைகளிலும் மாதிரி எடுத்து, மாற்றம் படிப்படியாக ஏறுகிறதா, கணவாயருகே சட்டென்று தாவுகிறதா என்று பார்த்த பிறகே எல்லை பற்றிப் பேசலாம். எத்தனை சதவீதம் என்பதைவிட, மாதிரிகள் எங்கெங்கே எடுக்கப்பட்டன என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

பாட்டும் ஒரு சான்று. ஒரு மலைப் பறவையின் பாட்டைப் பதிவு செய்து மற்ற மலையில் ஒலிக்கவிட்டால், அங்குள்ள பறவை அதைத் தன்னினப் போட்டியாளனாக எண்ணிப் பதில் தருகிறதா என்று சோதிக்கலாம்; தராவிட்டால், அவை வேறினம் என்பதற்கு அது ஒரு குறிப்பு. (படம் எடுப்பதற்காக இதைச் செய்வோர், கூடு கட்டும் காலத்திலாவது பறவைகளை விட்டுவிட வேண்டும்.)

கேள்வி: மட்டி, ஏத்தன் (நேந்திரன்), செந்துளுவன் ஆகிய வாழைகள் தனித்தனி இனங்களா? – வாழை விவசாயி, குலசேகரம்.

பதில்: இல்லை, ரகங்களே. மட்டியும் செந்துளுவனும் மூசா அக்குமினேட்டா என்ற காட்டு வாழையின் வழிவந்தவை. மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களின் தொகுதிகள் மட்டியில் இரண்டும், செந்துளுவனில் மூன்றும் உள்ளன. ஏத்தனில் அக்குமினேட்டாவின் இரு தொகுதிகளோடு மூசா பால்பிசியானாவின் ஒரு தொகுதியும் சேர்ந்திருப்பதால், அது இரண்டு இனங்களின் கலப்பு. விதையின்றிக் கன்றாலேயே பெருகும் இவற்றிடம் இனச்சேர்க்கை அளவுகோலைப் பொருத்திப் பார்க்கவும் இயலாது. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் கிடைத்த புவிசார் குறியீடு, விளையும் இடத்தையும் பழத்தின் தரத்தையும் பற்றியது. இன வகைப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.