ஃபயர்பாக்ஸில் பழைய டூல்பார் திரும்ப வருமா?

பழைய கணினியில் இருந்த டூல்பார் ஆட்-ஆன் (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) புது ஃபயர்பாக்ஸ் உலாவியில் ஏன் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இனி ஏறாது. 2017 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 57, பழைய வகை ஆட்-ஆன்களை மொத்தமாக நிறுத்திவிட்டது. அவை உலாவியின் உள்ளேயே கை வைத்ததால் புதுப்பிக்கும்போதெல்லாம் ஏதாவது கெட்டுப்போகும்.

சரி, பாதி வேலைக்கு ஆட்-ஆனே வேண்டாம். மேல்பட்டையில் காலி இடத்தில் வலது கிளிக் செய்து ‘கஸ்டமைஸ் டூல்பார்’ போனால் பட்டன்களை இழுத்து வைக்கலாம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் அக்காவின் பூக்கடை லேப்டாப்பில் புக்மார்க் பெயர்களை அழித்து ஐகான்களை மட்டும் விட்டேன், சின்னத் திரையிலும் வங்கி, மின்னஞ்சல், ஆர்டர் பக்கம் எல்லாம் ஒரே வரிசையில் அடங்கிவிட்டன. தீம் உலாவியின் வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றும், பிடித்ததைப் போடுங்கள். ஆனால் எல்லா இணையதளத் தரவையும் பார்க்க அனுமதி கேட்கும் ஆட்-ஆனை, உண்மையிலேயே தேவையென்றால் மட்டும் சேருங்கள்.