'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமின் இசை மட்டும் ஏன் மற்ற ஹாலிவுட் பின்னணி இசை மாதிரி இல்லை? அதை அமைத்தவர் யார்?

குஸ்டாவோ சாண்டவோலாயா. ஹாலிவுட்காரர் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ஆள் அர்ஜென்டினாக்காரர். 1951-ல் புவெனஸ் ஐரிஸ் பக்கத்தில் பிறந்து, 1978-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தவர்.

அந்த கேமின் தொடக்கத்தில் கிடார் போலவும் இருந்து, கிடார் இல்லை என்றும் தெரிகிற ஒரு சத்தம் வருமே, அது ரோன்ரோகோ என்ற கருவி. ஆண்டிஸ் மலைப் பகுதியில் வாசிக்கும் சராங்கோ என்ற சின்னத் தந்திக்கருவியின் வகைதான், கொஞ்சம் பெரியது, சுருதி கீழே. இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய பத்துத் தந்திகள். ஜோடியாக இருக்கும் இரண்டு தந்திகளும் அச்சு அசலாக ஒரே மாதிரி அதிர்வதில்லை என்பதால் ஸ்வரம் லேசாக அலைகிறது, அந்த அலைச்சல்தான் உங்கள் காதில் வித்தியாசமாக விழுகிறது. இத்தனைக்கும் இந்தக் கருவி உருவானது பொலிவியாவில்! வட அர்ஜென்டினாவில் ஹுஹுய் பக்கமெல்லாம் பாட்டுக்கும் கருவிக்கும் நாட்டு எல்லை பெரிதாகக் கிடையாது, ஆகவே 'அர்ஜென்டினா நாட்டுப்புற இசை' என்று முத்திரை குத்தும்போது கொஞ்சம் தாராளமாகவே குத்த வேண்டும்.

சரி, அவர் இந்த நாட்டுப்புற இசையைப் புலம்பெயர்ந்த ஏக்கத்தில் தேடிப் பிடித்தார் என்று சிலர் எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஊரில் இருந்தபோதே, 1967-ல், ஆர்கோ ஐரிஸ் என்ற இசைக்குழுவைத் தொடங்கி ராக் இசைக்குள் கிராமத்துத் தாளங்களைக் கொண்டுவந்தவர் அவர். அந்த ஊர்த் தாளங்களில் சாக்கரேராவை மட்டுமாவது கவனித்துக் கேளுங்கள். நம் கணக்கில் சொன்னால் ஆறு அட்சரம்; ஒரு கை 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாகப் பிரிக்கும், இன்னொன்று அதே ஆறை 'தக தக தக' என்று இரண்டிரண்டாகப் பிரிக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். கூடவே பொம்போ என்ற பெரிய மேளம், குடைந்த மரத்தில் ரோமத்தோடு ஆட்டுத்தோல் போர்த்தியது, அடித்தால் சத்தம் அடங்கி, கனமாக வரும். இதை எலெக்ட்ரிக் கிடாரோடு ஒட்டவைப்பது சும்மா இல்லை. நாலு நாலாக எண்ணிப் பழகிய ராக் டிரம்ஸ்காரர் திணறிப்போவார்.

1976-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நீண்ட முடி, ராக் இசை, இரண்டுமே போலீஸுக்கு ஆகாது. தன்னைப் பலமுறை பிடித்து உள்ளே வைத்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிளம்பிவிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் முதலில் செய்தது நாட்டுப்புறமே இல்லை, வெட் பிக்னிக் என்று ஒரு நியூ வேவ் (ராக் இசையில் ஒரு வகை) குழு. அப்புறம் ராணுவ ஆட்சி போனதும், பாடகர் லியோன் கியேகோவோடு சேர்ந்து அர்ஜென்டினாவின் தென்கோடி உஷுவாயாவிலிருந்து வடகோடி லா கியாகா வரை போய், அந்தந்த ஊர்க் கலைஞர்களோடு அந்தந்த ஊரிலேயே பதிவு செய்தார்கள். 1985-லிருந்து அவை ஆல்பங்களாக வந்தன. என்னைக் கேட்டால் அவர் வாங்கிய விருதுகளை எல்லாம்விடப் பெரிய வேலை இதுதான்.

ரோன்ரோகோவைத் தனக்காகத்தான் வாசித்துப் பதிவு செய்து வைத்திருந்தார். சராங்கோ மேதை ஹைமே டோரெஸ் அதைக் கேட்டுவிட்டு வெளியிடச் சொன்னதால் 1998-ல் 'ரோன்ரோகோ' ஆல்பம் வந்தது. அதிலிருந்த 'இகுவாசு' என்ற துண்டை அடுத்த வருடமே 'தி இன்சைடர்' படத்தில் எடுத்துப் போட்டார்கள், சினிமாக் கதவு திறந்தது. 'புரோக்பேக் மவுண்டன்', 'பேபல்' என்று 2006, 2007-ல் அடுத்தடுத்து ஆஸ்கர். இவ்வளவுக்கும் அவருக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. ஆர்கெஸ்ட்ராவைக் கொட்டிக் காட்சியை நிரப்புகிற ஆளும் இல்லை: ஒரு தந்தியை மீட்டுவார், அது அடங்குகிறவரை விட்டுவிடுவார், அப்புறம்தான் அடுத்தது. கேமில் ஆள் இல்லாத நகரத்துக்குள் நடக்கும்போது உங்களுக்குக் கேட்டது அந்த இடைவெளிதான்.

டாங்கோவையும் எலெக்ட்ரானிக் இசையையும் கலக்கிற பாஹோஃபோண்டோ என்ற குழுவும் அவருக்கு உண்டு, அர்ஜென்டினா, உருகுவே இரு நாட்டுக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். மேடையில் பட்டையைக் கிளப்புவார்கள். ஆனால் 2002-ல் வந்த முதல் ஆல்பத்தை இப்போது போட்டால் ஹோட்டல் லாபி ஞாபகம் வருகிறது எனக்கு, சண்டைக்கு வராதீர்கள்.

எங்கே தொடங்குவது என்றால், 'ரோன்ரோகோ' ஆல்பத்தை ஹெட்போனில் முழுசாக ஒருமுறை. பிடித்திருந்தால் ஆர்கோ ஐரிஸின் 'மன்யானா காம்பெஸ்த்ரே' பாட்டு. பிடிக்கவில்லை என்றால் நேராக கியேகோவோடு செய்த பதிவுகளுக்குப் போய்விடுங்கள், அதில் பாடுபவர்கள் வேறு ரகம்.