கணவரின் கணக்குக் கோப்புகள் இருக்கும் லேப்டாப்பில் லினக்ஸ் பழகலாமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்து ஆறு வருஷம் வீட்டில் இருந்துவிட்டேன். சர்வர் சப்போர்ட் வேலைக்கு லினக்ஸ் கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டில் ஒரே லேப்டாப், விண்டோஸ் 11. கணவரின் கடை ஜிஎஸ்டி கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி மூலம் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுப் பழகலாம் என்று தோழி சொன்னாள். "ஒரு கட்டளையைத் தப்பா அடிச்சா மொத்த டிஸ்கும் போயிடும்" என்று கணவர் பயப்படுகிறார். இங்கே ஒரு பயிற்சி மையத்தில் 35,000 ரூபாய் கேட்கிறார்கள். 400 கட்டளைகள் உள்ள நோட்டைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பார்களாம். நான் என்ன செய்யட்டும்?
வாசகி, திண்டுக்கல்

பதில்: வீட்டு லேப்டாப்பிலேயே பழகலாம். உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. சாதாரணமாகத் திறந்த டபிள்யூஎஸ்எல்லில் நீங்கள் என்ன அடித்தாலும் விண்டோஸ் போய்விடாது. ஆனால் ஜிஎஸ்டி கோப்புகள் போகலாம். எந்த வழியாகப் போகும் என்று தெரிந்துகொண்டால் முதல் நாளே அந்த வழியை அடைத்துவிடலாம்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். 'எல்எஸ்' என்றால் கீபோர்டில் எல், எஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகள். பெரிய எழுத்தில் அடித்தால் லினக்ஸ் அதை வேறு சொல்லாகவே பார்க்கும்.

எதையும் தொடுவதற்கு முன் கணக்கு ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, பென் டிரைவைக் கழற்றி பீரோவில் வையுங்கள். ஒன்டிரைவில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். லேப்டாப்பில் அழிந்தது அங்கேயும் அழியும். ஒன்டிரைவ் இணையதளத்தின் குப்பைத்தொட்டியில் தனிநபர் கணக்குகளுக்கு 30 நாள்தான் தங்கும்.

அடுத்து, விண்டோஸில் கட்டளை அடிக்கும் ஜன்னலான பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்' என்று அடியுங்கள். 'இன்ஸ்டால்' சொல்லுக்கு முன்னால் இரண்டு கழித்தல் குறி, அந்தக் குறிகளுக்கு நடுவிலும் பின்னாலும் இடைவெளி கிடையாது. முடிந்ததும் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 80370102 என்று முடியும் பிழை எண் வந்தால் லேப்டாப்பின் பயாஸில் (ஆன் செய்யும்போது திறக்கும் அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன் என்ற வசதி அணைந்திருக்கிறது என்று பொருள். அதை இயக்கினால் சரியாகிவிடும். இதற்காகக் கடைக்குக் கொண்டுபோனால் 'விண்டோஸ் மாற்றணும்' என்று ஆயிரம் ரூபாய் வாங்கிவிடுவார்கள். மாற்றத் தேவையில்லை. பிறகு உபுண்டு உங்களிடம் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல் அடிக்கும்போது பெரும்பாலான பதிப்புகளில் திரையில் ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்காமல் முழுவதையும் அடித்து என்டர் தட்டுங்கள்.

இனி உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். டபிள்யூஎஸ்எல் உபுண்டுவுக்கென்று தனி இடம் ஒதுக்குகிறது. கூடவே, யாரும் கேட்காமலே விண்டோஸின் சி டிரைவையும் '/எம்என்டி/சி' என்ற ஃபோல்டராக உள்ளே மாட்டிவைக்கிறது. டி டிரைவ் இருந்தால் அது '/எம்என்டி/டி'. அந்த ஃபோல்டருக்குள் நின்று எதையாவது அழித்தால் அழிவது உங்கள் வீட்டு நிஜக் கோப்பு. விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்குக்கூட அது போகாது. சாதாரணமாகத் திறந்த உபுண்டுவுக்கு உங்கள் விண்டோஸ் கணக்கின் உரிமை மட்டும்தான் உண்டு. லினக்ஸுக்குள் முழு உரிமை தரும் 'சூடோ' (எஸ், யு, டி, ஓ) போட்டாலும் விண்டோஸின் அட்மின் உரிமை வராது. அதனால்தான் விண்டோஸ் பிழைத்துக்கொள்கிறது. உங்கள் விண்டோஸ் கணக்குக்குள்ளேயே இருக்கும் டாக்குமெண்ட்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

"நான் அந்தப் பக்கம் போகவே மாட்டேனே" என்பீர்கள். ஸ்டார்ட் மெனுவில் உபுண்டுவைத் திறந்தால் உங்கள் லினக்ஸ் வீட்டு ஃபோல்டரில் நிற்பீர்கள். அதையே பவர்ஷெல்லில் 'டபிள்யூஎஸ்எல்' என்று அடித்துத் திறந்தால், பவர்ஷெல் எந்த விண்டோஸ் ஃபோல்டரில் நின்றதோ அங்கேயே நிற்பீர்கள். பலர் மாட்டிக்கொள்வது இப்படித்தான். பயிற்சி ஃபோல்டரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கணவரின் ஃபோல்டரைத் துடைத்துவிடுவார்கள். எனவே ஒவ்வொரு முறையும் டாலர் குறிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ~ இருந்தால் வீட்டில் இருக்கிறீர்கள். '/எம்என்டி' என்று தொடங்கினால் வெறும் 'சிடி' என்று அடித்து என்டர் தட்டுங்கள், வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

கவனத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்றால் கதவையே மூடிவிடலாம். நான் அதைத்தான் சொல்வேன். உபுண்டுவில் 'சூடோ நானோ /இடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப்' என்று அடித்து, 'நானோ' என்ற எழுதும் கருவியில் டபிள்யூஎஸ்எல்லின் அமைப்புக் கோப்பைத் திறங்கள். கடைசிச் சொல்லின் ஆங்கில எழுத்துகள் சி, ஓ, என், எஃப். ஏற்கெனவே ஏதாவது வரி இருந்தால் அதைத் தொடாமல், கீழே புதிதாக இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் 'ஆட்டோமவுண்ட்' என்று ஒரே சொல்லாக. இரண்டாவது வரியில் 'எனேபிள்டு=ஃபால்ஸ்'. சமக் குறியின் இரு பக்கமும் இடைவெளி வேண்டாம். கண்ட்ரோல்-ஓ, என்டர், கண்ட்ரோல்-எக்ஸ் தட்டி வெளியே வாருங்கள். பவர்ஷெல்லில் 'டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்' கொடுத்து உபுண்டுவை மீண்டும் திறங்கள். 'எல்எஸ் /எம்என்டி/சி' அடித்தால் இப்போது ஒன்றும் வரக்கூடாது. பட்டியல் வந்தால் ஏதோ எழுத்துப் பிழை, திரும்பப் போய்ப் பாருங்கள். லினக்ஸ் கோப்புகள் பிறகு விண்டோஸுக்குத் தேவைப்பட்டால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கம் 'லினக்ஸ்' என்று ஓர் இடம் இருக்கும், அங்கிருந்து எடுக்கலாம்.

இதற்குப் பிறகு உபுண்டுவுக்குள் எதைப் பாழாக்கினாலும் பரவாயில்லை. 'டபிள்யூஎஸ்எல் --அன்ரெஜிஸ்டர் உபுண்டு' என்று பவர்ஷெல்லில் அடித்தால் லினக்ஸ் முழுவதும் போய்விடும், மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். ஆனால் 'நிச்சயமா?' என்று அது கேட்காது. பயிற்சிக் குறிப்புகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

400 கட்டளைகள் எதற்கு? சப்போர்ட் வேலைக்கு முதல் மாதத்தில் பதினைந்து போதும். நிற்கும் இடத்தைச் சொல்வது 'பிடபிள்யூடி'. அங்கே என்ன இருக்கிறது என்று காட்டுவது 'எல்எஸ்', விவரத்தோடு வேண்டுமானால் 'எல்எஸ் -எல்', புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகளும் வேண்டுமானால் 'எல்எஸ் -ஏ'. இடம் மாற 'சிடி', ஒரு படி மேலே போக 'சிடி ..'. கோப்பைப் படிக்க 'கேட்', நீளமானதைப் பக்கம் பக்கமாகப் படிக்க 'லெஸ்', அதிலிருந்து வெளியே வர 'க்யூ' எழுத்து. கோப்புக்குள் ஒரு சொல்லைத் தேட 'கிரெப்' (ஜி, ஆர், இ, பி). இவை எதையும் மாற்றாதவை, பயமில்லாமல் நூறு தடவை அடியுங்கள்.

மாற்றுபவை வேறு வகை. ஃபோல்டர் உண்டாக்க 'எம்கேடிஐஆர்', வெற்றுக் கோப்புக்கு 'டச்', நகலெடுக்க 'சிபி', இடம் மாற்ற அல்லது பெயர் மாற்ற 'எம்வி', அழிக்க 'ஆர்எம்'. போய்ச் சேரும் இடத்தில் அதே பெயரில் இன்னொரு கோப்பு இருந்தால் 'சிபி'யும் 'எம்வி'யும் வழக்கமாக ஒரு வார்த்தை சொல்லாமல் அதன்மேல் எழுதிவிடும். மூன்று கட்டளைகளுக்கும் பின்னால் கழித்தல் குறியும் ஐ எழுத்தும் சேர்த்து 'ஆர்எம் -ஐ' என்பதுபோல் அடித்தால் கேட்டுவிட்டுச் செய்யும். தொடக்கத்தில் அதையே கைப்பழக்கமாக்குங்கள். > குறியும் இந்த வகைதான். 'எக்கோ' (இ, சி, எச், ஓ) என்பது கொடுத்ததை அப்படியே திரையில் காட்டும் கட்டளை; > குறி அதைக் கோப்புக்குள் திருப்பிவிடும். 'எக்கோ வணக்கம் > குறிப்பு' என்றால் 'குறிப்பு' கோப்பில் முன்பிருந்த எல்லாம் போய் அந்த ஒரு சொல் மட்டும் நிற்கும். அடியில் சேர்க்க வேண்டுமானால் >> என்று இரண்டு போடுங்கள்.

பயிற்சி மையங்கள் சொல்லித்தராத ஒன்றை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வேலையில் கோப்பு தொலைவது பெரும்பாலும் இதனால்தான். இடைவெளி, நட்சத்திரக் குறி.

* குறியை 'ஆர்எம்' பார்ப்பதே இல்லை. அதற்கு முன் ஷெல் (நீங்கள் அடிக்கும் வரியை வாங்கிக் கட்டளையை ஓட்டும் நிரல்) அந்தக் குறியை எடுத்துவிட்டுப் பொருந்தும் கோப்புப் பெயர்களை அந்த இடத்தில் நிரப்பிக் கொடுக்கிறது. 'ஆர்எம் *.டிஎக்ஸ்டி' என்றால் டிஎக்ஸ்டி என முடியும் கோப்புகள் மட்டும் போகும். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்துவிட்டதா? இப்போது ஷெல் தனி * குறியைப் பார்த்து மறைவுக் கோப்புகள் தவிர அந்த ஃபோல்டரில் இருக்கும் எல்லாப் பெயரையும் நிரப்பும். 'ஆர்எம்' அந்தக் கோப்புகள் அத்தனையையும் அழித்துவிட்டுக் கடைசியில் '.டிஎக்ஸ்டி என்று ஒரு கோப்பு இல்லை' என்று பிழை சொல்லும். அந்தப் பிழையைப் படிக்கும்போது கோப்புகள் போயிருக்கும். அழிக்கும் முன் அதே வரியில் 'ஆர்எம்' இடத்தில் 'எக்கோ' போட்டு அடியுங்கள். எவையெல்லாம் மாட்டும் என்று பட்டியல் வரும். சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியைத் தட்டி, 'எக்கோ'வை மட்டும் 'ஆர்எம்' ஆக மாற்றுங்கள். வரியைப் புதிதாக அடிக்காதீர்கள், அப்போதுதான் இடைவெளி நுழையும்.

பெயருக்குள் இடைவெளி இருந்தாலும் இதே கதை. 'ஜிஎஸ்டி பழையது' என்று ஒரு ஃபோல்டர், பக்கத்திலேயே 'ஜிஎஸ்டி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கட்டும். 'ஆர்எம் -ஆர் ஜிஎஸ்டி பழையது' என்று அடித்தால் லினக்ஸ் இதை இரண்டு பெயராக எடுக்கும். அழிவது நடப்பு வருஷக் கணக்கு, பழையது பத்திரமாக இருக்கும். பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் தட்டுங்கள், இடைவெளியைக் கணினியே சரியாக எழுதிக்கொள்ளும். பயிற்சிக்கு வைக்கும் பெயர்களில் இடைவெளி வேண்டாம். தமிழிலும் பெயர் வைக்கலாம், கோப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் விண்டோஸ் டெர்மினலில் (உபுண்டு ஓடும் ஜன்னல்) கொம்பும் காலும் இடம் மாறித் தெரியலாம், படிக்கச் சிரமம்.

யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வரும் கட்டளைகளை அப்படியே ஒட்டாதீர்கள். 'சூடோ' என்று தொடங்கினால் இன்னும் கவனம். 'கர்ல்' (இணையத்திலிருந்து இறக்கும் கட்டளை) என்று தொடங்கி நடுவே | குறி போட்டு 'பாஷ்' (உபுண்டுவின் ஷெல்) என்று முடியும் வரி, யாரோ எழுதிய நிரலை நீங்கள் படிக்காமலே உங்கள் கணினியில் ஓடவிடுகிறது. சில இணையப் பக்கங்களில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, காப்பி ஆவது வேறு. பல வரிகளை ஒட்டும்போது விண்டோஸ் டெர்மினல் எச்சரிக்கை காட்டும். எரிச்சலாக இருக்கிறது என்று அதை அணைக்காதீர்கள். 'நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் தட்டி ஒட்டுங்கள்' என்று ஒரு பக்கம் சொன்னால் அது திருட்டு, உடனே மூடிவிடுங்கள். 'மேன்' என்று அடித்து ஒரு இடைவெளி விட்டுக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் விளக்கம் அங்கேயே வரும். புரியாத வரியைப் பிரித்துப் பார்த்த பிறகு என்டர் தட்டுங்கள்.

அந்த 35,000 ரூபாய் பற்றி. கட்ட வேண்டாம் என்பதுதான் என் பதில். 'ரெட் ஹேட் சர்டிஃபிகேட்' என்று சொன்னார்கள் என்றால், யார் கொடுக்கும் சான்றிதழ் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அது மையத்தின் 'பயிற்சி முடித்தார்' தாள்தான். ரெட் ஹேட் ஒரு லினக்ஸ் நிறுவனம்; ஆர்எச்சிஎஸ்ஏ என்ற அதன் உண்மையான லினக்ஸ் நிர்வாகித் தேர்வை அந்த நிறுவனமே நடத்துகிறது. அதில் கேள்வித்தாள் இல்லை, கணினி முன் உட்காரவைத்து வேலையைச் செய்யச் சொல்வார்கள். 'மேன்' பக்கங்களைத் திறந்து பார்க்கத் தேர்வுக்குள்ளேயே அனுமதி உண்டு. உலகத்தில் பெரிய தேர்வே மனப்பாடத்தைக் கேட்கவில்லை. நம் கல்லூரிகள்தான் இன்னும் 'எல்எஸ் கட்டளையின் விருப்பங்கள் ஐந்து எழுதுக' என்று தாளில் எழுதவைத்து மதிப்பெண் போடுகின்றன. ரெக்கார்டு நோட்டில் வெளியீட்டை ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதச் சொல்கிறார்கள். மூன்று வருஷம் படித்துவிட்டு வரும் பிள்ளை டேப் விசையைத் தட்டத் தெரியாமல் நேர்முகத் தேர்வில் நிற்கிறது. இந்த ஓட்டையில்தான் 400 கட்டளை நோட்டு விற்கிறது. எதுவாக இருந்தாலும் அசல் மதிப்பெண் சான்றிதழை எந்த மையத்திலும் கொடுத்துவைக்காதீர்கள்.

ஐஐடி பாம்பேயில் உருவான ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, தமிழ்க் குரலிலும் உண்டு. ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். பாதியில் நிறுத்தி நீங்களும் அடித்துப் பாருங்கள். தினம் முக்கால் மணி நேரம், ஆறு வாரம் உட்காருங்கள். அதற்குப் பிறகும் ஆசிரியர் தேவை என்று தோன்றினால் ஆர்எச்சிஎஸ்ஏ பாடத்திட்டத்தை வைத்துக் கேள்வி கேட்டு, பதில் சொல்லத் தெரிந்தவரிடம் சேருங்கள்.

முதல் வாரத்தில் திரை சில தடவை உறைந்ததுபோல் நிற்கும். அடிப்பது எதுவும் தெரியவில்லை என்றால் பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் தட்டியிருப்பீர்கள், கண்ட்ரோல்-க்யூ தட்டினால் விடுபடும். கர்சருக்கு முன் > மட்டும் வந்து காத்திருந்தால் எங்கோ மேற்கோள் குறியை மூடவில்லை. கண்ட்ரோல்-சி தட்டி வரியை விட்டுவிட்டு மறுபடி அடியுங்கள்.