வண்டியை எப்படி அணைப்பது? வாசகர் கேள்விகள்

கேள்வி: ஷார்ஜாவில் இருக்கும் என் தம்பி பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கியிருக்கிறான். காலையில் வெயிலில் நின்ற காரை நிழலுக்கு நகர்த்திவிட்டு உடனே அணைத்திருக்கிறான். சாயங்காலம் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி மாற்றியும் பலனில்லை. ஏமாந்துவிட்டானா?
- திருப்பாலை வாசகர்

பதில்: இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆர்எக்ஸ்-8-இல் இருப்பது ரோட்டரி என்ஜின். அதன் குணம் தெரியாமல் அணைத்திருக்கிறார். இதில் பிஸ்டன் கிடையாது. இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுற்றுகின்றன. அவற்றின் முனைகளில் உள்ள சீல்கள்தான் கம்ப்ரெஷனை, அதாவது உள்ளே அழுத்தப்படும் காற்றின் இறுக்கத்தை, பிடித்து வைக்கின்றன. என்ஜின் சூடாகும் வரை கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தாராளமாகவே விடும். அந்த நேரத்தில் அணைத்தால் எரியாத பெட்ரோல் உள்ளே தங்கி பிளக்கை நனைக்கும், சீல்மேல் உள்ள ஆயிலையும் கழுவிவிடும். சைக்கிள் பம்பில் வாஷர் காய்ந்தால் காற்று ஏறாதே, அதே கதைதான். செல்ஃப் அடித்தால் எதிர்ப்பே இல்லாமல் சர்ரென்று சுற்றும்.

ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அப்போது இன்ஜெக்டர் பெட்ரோல் விடாது, காற்று மட்டும் போய் உள்ளே காயும். ஒரு தடவைக்குப் பத்து வினாடி போதும். நடுவில் செல்ஃப் மோட்டாருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். மசியவில்லை என்றால் மெக்கானிக் வேலை. பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷன் காயில் இணைப்பையும் எடுத்துவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றிச் சுற்றவிடுவார். ஓட்டை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. அப்புறம் உள்ளே கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, புதுப் பிளக் போட்டால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். முதலில் கிளம்பும் வெள்ளைப் புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்படியும் அசையவில்லை என்றால் சீல் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரெஷனை ரோட்டரிக்கான கேஜில் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது. இனிமேல் டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வரும் முன் அணைக்கச் சாவியைத் தொடக்கூடாது. பத்தடி நகர்த்தத்தான் என்றால், நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடுங்கள்!

கேள்வி: எங்கள் அப்பா அம்பாசிடரை அணைக்கும் முன் ஒரு ரைஸ் கொடுத்துத்தான் சாவியைத் திருப்புவார். ரோட்டரிக்கும் அதைத்தானே சொல்கிறார்கள்?
- உசிலம்பட்டி வாசகர்

பதில்: இல்லை. ரோட்டரிக்காரர்கள் செய்வது வேறு. என்ஜின் சூடான பிறகு நிமிடத்துக்கு 3000 சுற்றில் பத்து வினாடி போல நிறுத்தி, மிச்சம் மீதியை எரித்துவிட்டு அணைக்கிறார்கள். அப்பா செய்தது ஒரே மிதி, உடனே ஆஃப். கார்புரேட்டர் வண்டியில் அந்த மிதிக்கு இறங்கிய பெட்ரோல் எரியாமலே சிலிண்டருக்குள் போய், சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும். அடுத்த ஸ்டார்ட்டுக்கு அது உதவும் என்று பழைய டிரைவர்கள் பலர் நம்பினார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கார் ஐடிலில் நிற்கட்டும், அப்படியே அணையுங்கள்.

கேள்வி: டர்போ டீசல் டாக்ஸி ஓட்டுகிறேன். கொடைக்கானல் ஏறியதும் உடனே அணைக்கலாமா?
- ஆரப்பாளையம் வாசகர்

பதில்: ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஏற்றத்தில் டர்போ கொதித்துப் போயிருக்கும். ஆயில் ஓட்டம் சட்டென நின்றால் பேரிங்கில் கரி பிடிக்கும். ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்துதான் வந்தீர்கள் என்றால் அதற்குள் ஆறியிருக்கும், காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். ராத்திரி நிறுத்தினால் காலையில் கார்புரேட்டரில் பெட்ரோல் சொட்டுகிறது. இருபது உதை உதைத்தாலும் கிளம்புவதில்லை.
- மேலூர் வாசகர்

பதில்: டேங்குக்கு அடியில் உள்ள பெட்ரோல் திருகை (காக்) மூடாமல் விட்டிருப்பீர்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஃப்ளோட் நீடிலில் தூசி சிக்கியோ தேய்ந்தோ இருந்தால் ராத்திரி முழுக்கப் பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும். திருகை மூடி, சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி ஏழெட்டு உதை உதையுங்கள். கிளம்பவில்லையா, பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். பிறகு கார்புரேட்டரைக் கழுவி நீடிலைப் பாருங்கள். முனையில் வளையமாகத் தழும்பு தெரிந்தால் புதுசு போட வேண்டியதுதான். அதுவரை வண்டியை வீட்டுக்குள், அடுப்பங்கரைப் பக்கம் நிறுத்தாதீர்கள்.