எல்லாரும் கீழ இருக்காங்க, நான் மட்டும் பால்கனியில

கேள்வி:

வணக்கம் மேடம். வயசு நாப்பதை நெருங்குது, வீட்டுல இருந்தே வேலை பாக்கறேன். இந்த அப்பார்ட்மெண்டுக்கு குடிவந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. மத்த மாசமெல்லாம் ஸ்கூல், வேலைன்னு ஓடிடும், ஒண்ணும் தெரியாது, கோடை லீவு விட்டா தான் கஷ்டமே. வெயில் தாழ்ந்ததும் எல்லாரும் கீழ வந்துடறாங்க, பசங்க சைக்கிள் ஓட்டறதும் பெஞ்சுல நாலஞ்சு பேர் உக்காந்து பேசி சிரிக்கறதும் என் பால்கனிக்கு அப்படியே கேக்குது. நான் துணி எடுக்கற சாக்குல நின்னு பாத்துட்டு உள்ள வந்துடுவேன். ஒருநாள் இறங்கிப் போனேன், அவங்க ஏதோ பழைய கதை பேசிட்டிருந்தாங்க, எனக்கு தலையும் புரியல வாலும் புரியல, சும்மா சிரிச்சுட்டு நின்னுட்டு, போன் வந்த மாதிரி காதுல வச்சுக்கிட்டு மேல வந்துட்டேன். என்னைப் பத்தி என்ன நினைச்சாங்களோன்னு அன்னிக்கு ராத்திரி பூரா அதே யோசனை. வீட்டுக்காரர் "உனக்கு யார் கூடயும் ஒட்டாது, விடு"ங்கறார். எதிர் வீட்டுல தனியா இருக்கற வயசான அம்மாவப் பாத்தா நானும் இப்படித்தான் ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு. இது என் சுபாவமா மேடம்? மாத்த முடியாதா?

பதில்:

வணக்கம்மா. சுபாவம்னு அதுக்குள்ள முடிவு கட்டிடாதீங்க. யார் கூடயும் ஒட்டாதவங்களுக்கு கீழ கேக்கற சிரிப்பு மனசை இவ்வளவு தொடாது.

1950ல வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கு, லியோன் ஃபெஸ்டிங்கர்ங்கற மனோதத்துவ ஆய்வாளரும் கூட ரெண்டு பேரும் பண்ணினது, ஒரு குடியிருப்புல யாரு யாரோட ஃப்ரெண்ட் ஆகறாங்கன்னு பாத்தாங்க. கீழ்த்தளத்துல படிக்கட்டுக்கும் தபால் பெட்டிக்கும் பக்கத்துல வீடு கிடைச்சவங்களுக்கு தான் மாடியில இருக்கறவங்களோட சிநேகம் அதிகம். அவங்க ஒண்ணும் தனியா கலகலப்பான ஆளுங்க இல்ல, போறவங்க வர்றவங்க கண்ணுல அடிக்கடி பட்டாங்க, அவ்வளவுதான். உங்களுக்கு வீட்டுலயே ஆபீஸ், யாரு கண்ணுல படுவீங்க சொல்லுங்க?

அந்த ராத்திரி யோசனைக்கு வர்றேன். 2018ல எரிகா பூத்பிங்கற ஆய்வாளரோட குழுவினர், முன்னப்பின்ன தெரியாத ரெண்டு ரெண்டு பேரா பேச விட்டு, அவரை உங்களுக்கு எவ்வளவு பிடிச்சுது, உங்களை அவருக்கு எவ்வளவு பிடிச்சிருக்கும்னு தனித்தனியா கேட்டாங்க. நம்மள எதிராளிக்கு பிடிச்சிருக்கறத நாம குறைச்சு தான் நினைக்கறோம்னு வந்துது, ஹாஸ்டல்ல ஒண்ணா தங்கின காலேஜ் பசங்ககிட்ட கூட இந்த நினைப்பு மாசக்கணக்கா போகல. பெஞ்சுல இருந்தவங்க நீங்க போனதும் "ஐயோ பாவம், போன் வந்துடுச்சு"ன்னு தான் நினைச்சிருப்பாங்க, அதுக்கு மேல ஒண்ணும் இருக்காதுன்னு எனக்குப் படுது.

நீங்க ஒரே தடவை போய் பாத்துட்டு ஒட்டலன்னு சொல்றீங்க. ஜெஃப்ரி ஹால்ங்கற ஆய்வாளர் கணக்குப்படி ஒருத்தர் சும்மா பழக்கம்ங்கற அளவுக்கு ஃப்ரெண்ட் ஆகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்கணும், நெருக்கமாக 200 மணி நேரத்துக்கு மேல. தினம் ஒரு மணி நேரம்னா கூட முதல் படிக்கே ஐம்பது நாள் ஆகுது, அவ்வளவு நேரம் எல்லாரும் ஒரே இடத்துல கிடைக்கறது இந்த லீவுல தானே? அதனால சந்தோஷமா இருந்துச்சா இல்லியான்னு தினமும் மார்க் போடாம, ஒரே நேரத்துக்கு அதே பெஞ்சுக்குப் போங்க. பேச வரலன்னா பரவால்ல, உக்காருங்க, பழைய கதை வந்தா "இது எப்ப நடந்துச்சு, நான் அப்ப இங்க இல்லியே"ன்னு கேளுங்க, பழைய கதைய மறுபடி சொல்றதுன்னா யாருக்கும் குஷி தான்.

கைய சும்மா வச்சுட்டு நிக்கறது தான் ரொம்ப கஷ்டம். அந்த சைக்கிள் பசங்க இருக்காங்களே, வீட்டுல காத்தடிக்கற பம்ப் இருந்தா கீழ கொண்டு போங்க. ஒரு பையன் டயரை அமுக்கிப் பாத்துட்டு ஓடி வருவான், பின்னாடியே இன்னொருத்தன், அப்புறம் அவங்க அம்மா வந்து எந்த ஃப்ளாட் நீங்கன்னு கேப்பாங்க. இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ஒரு கூட்டத்துல நமக்குன்னு ஒரு இடம் கிடைக்கறது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. வெயில் காலத்துல வர்ற மனச்சோர்வுன்னே ஒரு வகை இருக்கு, தூக்கம் கெடும், பசி குறையும், எதுக்கெடுத்தாலும் எரிச்சல் வரும். மனசு பாரத்தோட இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா பெஞ்சு, பம்ப்னு காத்திருக்காம டாக்டரைப் பாருங்க. வீட்டுக்காரர்கிட்டயும் "ஒட்டாதுன்னு சொல்லாதீங்க, நாளைக்கு என் கூட இறங்கி வாங்க"ன்னு நேரா கேளுங்க.

எதிர் வீட்டு அம்மாவப் பாத்து பயப்படறீங்க, எனக்கு அவங்களைப் பத்தி தான் கவலை. 1995 ஜூலையில சிகாகோவுல அடிச்ச வெயில்ல 700 பேருக்கு மேல இறந்தாங்க, தனியா இருந்தவங்களுக்கு ஆபத்து அதிகமா இருந்துச்சு, அக்கம்பக்கத்துல சிநேகிதங்க இருந்தவங்களுக்கு குறைவா இருந்துச்சு. கீழ பெஞ்சுக்குப் போக இன்னும் தைரியம் வரலன்னா முதல்ல அந்தக் கதவைத் தட்டுங்க, நாளைக்கு மத்தியானமே. ஃபேன் ஓடுதா, தண்ணி குடிச்சாங்களான்னு கேளுங்க, உங்க நம்பரை பெரிய எழுத்துல ஒரு பேப்பர்ல எழுதி அவங்க போன் பக்கத்துல ஒட்டி வைங்க, அவங்க புள்ள குட்டி நம்பரையும் வாங்கி வச்சுக்குங்க.